ஒரு பாறை, ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இங்கே சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் சட்டம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் வீடு மாறியபோது தாத்தாவின் தகரப்பெட்டியைத் திறந்தோம். துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பழைய சம்பளச் சீட்டு, கடிதம் என்று பெட்டி நிறையக் காகிதம். கழிப்பதற்கு முன் புரட்டியபோது பேராசிரியர் எஸ். ஜெயக்குமார் பற்றிய பத்திரிகைத் துணுக்கு ஒன்று கிடைத்தது. அதிலிருந்து அவரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று கேள்விகள். துணைப் பிரதமர் வரை உயர்ந்த தமிழர் அவர். அவரைப் பற்றித் தமிழில் யாரும் ஏன் விரிவாகப் பேசுவதில்லை? ஒரு வழக்கறிஞர் அமைச்சரான பிறகும் வழக்கறிஞராகவே இருக்க முடியுமா? 1989 அரசமைப்புத் திருத்தத்தை வகுப்பில் படித்ததிலிருந்து இந்தக் குழப்பம். கடைசியாக, நான் அரசாங்கச் சட்டச் சேவையில் சேரலாமா? பெரிய சட்ட நிறுவனத்துக்குப் போனால்தான் இத்தனை வருடப் படிப்புக்குப் பலன் என்கிறார் அப்பா.

பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

முதலில் இதைச் சொல்லுங்கள். அந்தப் பெட்டி எங்கே? "கழிப்பதற்கு முன்" என்று அவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறீர்களே, கழித்தாகிவிட்டதா? சட்டம் படிக்கிற பெண், துறைமுகத்தில் வேலை பார்த்த தாத்தாவின் காகிதங்களைப் பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரரிடம் போட்டுவிட்டு, எனக்கு ஜெயக்குமாரைப் பற்றிக் கடிதம் எழுதுகிறாள் என்றால் நான் சிரிப்பதா அழுவதா? இன்னும் போடவில்லை என்றால் போடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்ச நாளாக, நமக்கும் மலேசியாவுக்கும் நடுவே பெட்ரா பிராங்கா என்ற பாறை யாருடையது என்று சொன்ன தீர்ப்பை மறுபடி படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

முதல் கேள்வியில் எனக்கு அக்கறை குறைவு. புது அமைச்சரவை பதவியேற்றால் நம் கோப்பிக்கடை மேசைகளில் என்ன நடக்கிறது? நம்மாள் எத்தனை பேர் என்று எண்ணுவார்கள். எண்ணி முடித்ததும் பேச்சு வேறெங்கோ போய்விடும். எண்ணப்பட்டவர் என்ன செய்தார், எதை எழுதினார், எதில் தோற்றார் என்று ஒருவரும் கேட்க மாட்டார். பிறந்த வீட்டைக் கொண்டாடுகிறோம், செய்த வேலையைத் தொடுவதில்லை. பிறகு தமிழில் எவன் எழுதுவான், எவன் படிப்பான்? நீங்கள் எழுதுங்களேன், யார் தடுத்தார்கள்?

வேலை என்று பார்த்தால் அது விசித்திரமான வாழ்க்கை. 1939ல் பிறந்தவர். ராஃபிள்ஸ் கல்வி நிலையம், இங்கேயே சட்டப் படிப்பு, அப்புறம் யேல். 1971ல், சட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அந்த இளைஞரை ஐநாவுக்கு நிரந்தரப் பிரதிநிதியாக அனுப்பினார்கள். அவருக்கு முப்பதைத் தாண்டி ஓரிரு வயது, நாட்டுக்கு ஆறு. 1974ல் திரும்பி வந்து சட்டத்துறை முதல்வர், 1980ல் பிடோக் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1985 முதல் 1994 வரை உள்துறை, 1988 முதல் 2008 வரை சட்டம், 1994 முதல் 2004 வரை வெளியுறவு. ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கவனியுங்கள். சின்ன நாட்டில் ஆள் பஞ்சம், ஒருவரையே நாலு வேலைக்கு இழுப்பார்கள். ஆனால் அந்தப் பஞ்சத்தில் ஒரு லாபமும் உண்டு. வகுப்பில் கடல் சட்டம் நடத்தியவரே ஐநாவின் கடல் சட்ட மாநாட்டிலும் போய் உட்கார்ந்தார்.

அந்த மாநாடு 1973ல் தொடங்கி 1982 வரை இழுத்தது. கரையோர நாடுகள் தங்கள் ஆட்சிக்குள் 12 கடல்மைல் கடலும், அதன் வளங்களைத் தாங்களே எடுக்க 200 கடல்மைல் பொருளாதார மண்டலமும் வேண்டும் என்று நின்றன. நாம் எந்தப் பக்கம் அளந்தாலும் அண்டைவீட்டுக் கடலில் போய் முட்டும். நமக்கு வேண்டியிருந்தது வழி. நீரிணையில் கப்பல் போவதை யாரும் மறிக்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்காக, கடலே இல்லாத ஆஸ்திரியாவோடும் நேபாளத்தோடும் ஒரே அணியில் சேர்ந்து நின்றோம். அந்த மாநாட்டின் தலைவராக இருந்த இலங்கையின் ஹமில்டன் ஷெர்லி அமரசிங்க இறந்த பிறகு, 1981ல் தலைமை ஏற்று முடித்து வைத்தவர் நம் டாமி கோ. அவரும் சட்டப் பேராசிரியர். சின்ன நாட்டு வக்கீலின் பிழைப்பே இப்படித்தான். கையில் கப்பல்படை கிடையாது, வாசகம் இருக்கிறது. ஒரு காற்புள்ளிக்காக ராத்திரி முழுக்க உட்கார வேண்டும்.

இப்போது பாறைக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூருக்குக் கிழக்கே 24 கடல்மைலில் பெட்ரா பிராங்கா. நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர். நம் பேட்டைக் கார் நிறுத்துமிடம் அளவு. அதன் மேல் 1851லிருந்து ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம். 1979 டிசம்பரில் மலேசியா அதைத் தன் எல்லைக்குள் காட்டி வரைபடம் வெளியிட்டது. 1980 பிப்ரவரியில் நாம் ஆட்சேபம் எழுதினோம். அப்புறம் பேச்சு, மறுபடி பேச்சு. 2003ல்தான் இரண்டு நாடுகளும் சேர்ந்து அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போக ஒப்பந்தம் போட்டன. 2007 நவம்பரில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் விசாரணை நடந்தபோது ஒரு துணைப் பிரதமர், ஒரு தலைமை நீதிபதி, ஒரு தலைமைச் சட்ட அதிகாரி, ஒரு தூதர் எல்லோரும் வாதாடும் வரிசையில் இருந்தார்கள். துணைப் பிரதமர் ஜெயக்குமார். ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு இத்தனை பேரா என்று அப்போது இங்கேயே சிலர் கேட்டார்கள். அந்தப் பாறை சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாசலில் இருக்கிறது, அதனால்தான்.

2008 மே 23 தீர்ப்பை நம்மவர்கள் "ஜெயித்தோம்" என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். உள்ளே போய்ப் படியுங்கள். பாறை முதலில், இன்று மலேசிய மாநிலமாக இருக்கும் ஜொகூருடையது என்றுதான் நீதிமன்றம் சொன்னது. யாருக்கும் சொந்தமில்லாத பாறை என்ற நம் வாதம் அங்கே எடுபடவில்லை. பிறகு எப்படி 12க்கு 4 என்று நம் பக்கம் வந்தது? 1953ல் இங்கிருந்த குடியேற்ற நாட்டு அரசாங்கம், இந்தப் பாறை யாருடையது என்று கேட்டு ஒரு கடிதம் எழுதியது. செப்டம்பர் 21 அன்று ஜொகூரின் தற்காலிக அரசுச் செயலாளர் பதில் எழுதினார். பெட்ரா பிராங்கா மீது ஜொகூர் அரசாங்கம் உரிமை கோரவில்லை. அவ்வளவுதான் கடிதம். அதை வாங்கிய யாரோ ஒரு குமாஸ்தா துளைபோட்டு, எண் எழுதி, கோப்பில் சேர்த்தார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. ஐம்பது ஆண்டுக்கு மேல் கழித்து அந்தக் காகிதம் ஹேக் நீதிபதிகளின் மேசையில் இருந்தது. அதோடு இன்னும் பல சில்லறைக் காகிதங்கள்: பக்கத்தில் கப்பல் தரைதட்டியபோது நாம் விசாரித்த அறிக்கைகள், பாறைக்கு வர மலேசிய அதிகாரிகள் அனுமதி கேட்டது, 1962 முதல் 1975 வரை மலாயாவும் பிறகு மலேசியாவுமே வெளியிட்டு அந்தப் பாறைக்குக் கீழே "சிங்கப்பூர்" என்று அச்சிட்ட வரைபடங்கள்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 1844ல் இங்கிருந்த பிரிட்டிஷ் ஆளுநர் பட்டர்வொர்த், கலங்கரை விளக்கம் கட்டுவது பற்றி ஜொகூர் சுல்தானுக்கும் அங்கிருந்த மலாய்த் தலைவரான தெமங்கோங்குக்கும் கடிதங்கள் எழுதினார். பதில்கள் இருக்கின்றன, அவர் எழுதியவை கிடைக்கவே இல்லை. பட்டர்வொர்த் எந்தப் பாறையைச் சொல்லி அனுமதி கேட்டார் என்று இரண்டு தரப்பும் ஊகத்திலேயே சண்டை போட்டன. அந்தக் கடிதங்கள் கிடைத்திருந்தால் வழக்கு எந்தப் பக்கம் போயிருக்கும் என்று யார் கண்டது? அப்புறம் பக்கத்திலேயே இருக்கும் மிடில் ராக்ஸ் பாறைகள் மலேசியாவுக்குப் போயின. ஏன்? அவற்றைப் பற்றி 1953 கடிதம் மாதிரி ஒன்றும் நம்மிடம் இல்லை.

என் பெரியப்பா ஓர் அரசாங்க அலுவலகத்தின் கோப்பு அறையில் குமாஸ்தாவாக இருந்தவர். வீட்டிலும் அதே புத்தி. மின்கட்டணச் சீட்டின் பின்னால்கூட வந்த தேதியும் கட்டிய தேதியும் எழுதி, மூலையில் துளைபோட்டுப் பச்சைக் கயிற்றில் கோத்து வைப்பார். நாங்கள் பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரிப்போம், பெரியம்மா இன்னும் சத்தமாகச் சிரிப்பார். அவருக்குப் பதவி உயர்வு என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். "நம் ஆள்" கணக்கில் அவர் எந்தக் காலத்திலும் வந்ததில்லை. 1953 கடிதத்தைப் பற்றி முதலில் படித்த அன்று எனக்கு அமைச்சர் யாருடைய முகமும் நினைவுக்கு வரவில்லை, பெரியப்பாவின் துளைபோடும் கருவிதான் நினைவுக்கு வந்தது.

அதே ஊரில், அதே தமிழர்கள் நடத்தும் ஒரு சங்கம். பெயர் வேண்டாம். ஆண்டு விழாவுக்குப் பழைய வரலாறு எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். கூட்டக் குறிப்புப் புத்தகங்கள் எங்கே என்றேன். இடம் மாறியபோது கராங்குனிக்குப் போட்டுவிட்டார்களாம். "அதெல்லாம் கரையான் பிடித்தது சார், எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் பொறுப்பாளர். மிச்சம் இருந்தது ஆல்பம் ஆல்பமாக மாலை போடும் படங்கள். யாருக்கு யார் எதற்காகப் போடுகிறார் என்று ஒரு படத்தின் பின்னாலும் எழுதவில்லை. எனக்கு வந்த கோபத்தில் எழுதவே முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது சொல்லுங்கள், தாத்தாவின் பெட்டியைப் பற்றி நான் கத்துவது நியாயமா இல்லையா? கோட்டை கானிங் மலையடியில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. போய்க் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் என்னிடம் கொண்டு வாருங்கள்.

சரி, 1989. இதை மழுப்ப மாட்டேன்.

விசாரணை இல்லாமல் ஒருவரைத் தடுத்து வைக்க இடம்தரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் தடுத்து வைக்கப்பட்ட நால்வரின் வழக்கு. 1988 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வகுப்பில் படித்திருப்பீர்கள், எதற்காக விடுவித்தது என்று கவனித்தீர்களா? அதிபர் திருப்தியடைந்தார் என்று காட்டப் போதிய சான்று அரசாங்கம் வைக்கவில்லை. அங்கேயும் காகிதம்தான், அம்மா! இந்த முறை அது அரசாங்கத்திடம் இல்லை. கூடவே, தடுப்புக்காவலுக்கு நியாயமான காரணம் இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். விடுவிக்கப்பட்டவர்கள் உடனே புது உத்தரவில் மறுபடி கைதானார்கள். 1989 ஜனவரியில் அரசமைப்பும் சட்டமும் திருத்தப்பட்டன. நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டதா என்பதற்கு மேல் நீதிமன்றம் பார்க்க முடியாது என்றானது. மன்றத்தில் அதைக் கொண்டு வந்தவர் சட்டத்துக்கும் உள்துறைக்கும் அமைச்சராக இருந்த ஜெயக்குமார். பாதுகாப்பு பற்றிய முடிவு நீதிபதியின் வேலை இல்லை, பொறுப்பேற்கும் அரசாங்கத்தின் வேலை என்பது அவர்கள் வாதம். அது அற்ப வாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு ஒப்பவில்லை. ஹேக்கில் போய் "இதோ எங்கள் ஆவணம், நீங்களே எடைபோடுங்கள்" என்று பதினாறு நீதிபதிகள் முன்னால் நின்ற நாடு, தன் குடிமகன் அதையே கேட்கும்போது கோப்பை மூடி வைத்துக்கொள்வது எனக்கு உறுத்துகிறது. இரண்டையும் செய்தவர் ஒரே மனிதர். அவரை முழுதாகப் படிக்க வேண்டுமென்றால் இரண்டையும் படிக்க வேண்டும். பாறையை மட்டும் படித்தால் சுவரொட்டி கிடைக்கும், 1989ஐ மட்டும் படித்தால் வசவு கிடைக்கும். உங்கள் குழப்பம் நல்ல குழப்பம், அவசரப்பட்டுத் தீர்த்துக்கொள்ளாதீர்கள்.

தோற்றதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். இங்கிருந்த மலாயன் ரயில்வே நிலங்களுக்கு மேம்பாட்டுக் கட்டணம் உண்டா என்று மலேசியாவோடு வந்த தகராறு நடுவர் மன்றத்துக்குப் போய், 2014ல் நமக்கு எதிராக முடிந்தது. ஏற்றுக்கொண்டோம். அதைப் பற்றிக் கோப்பிக்கடையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

வேலையில் சேருவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேருங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், பெயர் வெளியே வராது, நீங்கள் எழுதிய குறிப்பில் வேறொருவர் கையெழுத்துப் போடுவார். 2023 மார்ச்சில் நியூயார்க்கில் ஆழ்கடல் பல்லுயிர் ஒப்பந்தம் முடிந்தபோது மாநாட்டுத் தலைவர் நாற்காலியில் இருந்த ரெனா லீ நம் ஊர்க்காரர்தான், அரசாங்கத்தில் வேலை பார்த்த வக்கீல்தான். அது எல்லோருக்கும் வாய்க்காது. அப்பாவின் கவலையில் தப்பில்லை, வீட்டுக் கடன் அவர் கட்டுகிறார். அவரோடு வாதாடி ஜெயிக்க முடியவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதாதீர்கள், அது உங்கள் முதல் வழக்கு. அதற்கு முன் பெட்ரா பிராங்கா தீர்ப்பில் மாறுபட்ட நான்கு நீதிபதிகள் என்ன சொன்னார்கள் என்று படித்துத் தமிழில் ஒரு கட்டுரை அனுப்புங்கள். நன்றாக இருந்தால் இங்கே போடுகிறேன், சுமாராக இருந்தால் திருப்பி அனுப்புவேன்.

அன்புடன்.