மேல்தாடை இம்ப்ளாண்ட்: ஸ்கேனில் சைனஸ் நிழல் தெரிந்தால்?

கேள்வி: மேல் கடைவாய்ப் பல்லுக்கு இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்வேர்) வைக்கலாம் என்று போனேன். சிபிசிடி ஸ்கேனில் (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே) வலது சைனஸில் நீர்க்கட்டி இருக்கிறதாம். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இம்ப்ளாண்ட் யோசனையை விட்டுவிடட்டுமா? (பாபநாசம்)

விட வேண்டியதில்லை. சைனஸ் என்பது மேல் கடைவாய்ப் பற்களுக்கு மேலே எலும்புக்குள் இருக்கும் காற்றறை. அதன் தரையில் குவிந்த மேடாக, விளிம்பு வழுவழுப்பாகத் தெரிகிற நிழல் பெரும்பாலும் சாதுவான நீர்க்கட்டிதான். பலருக்கு அது தானாகவே கரைந்துவிடும். அளவைவிட நான் முக்கியமாகப் பார்ப்பது, சைனஸிலிருந்து மூக்குக்குள் சளி வடியும் துவாரம் திறந்திருக்கிறதா என்பதைத்தான். அந்தத் துவாரம் தரையில் இல்லை, உட்சுவரின் மேல்பக்கத்தில் இருக்கிறது. இம்ப்ளாண்டைப் பிடித்துக்கொள்ள எலும்பு போதாமல் சைனஸ் சவ்வைத் தூக்கி எலும்புத்தூள் வைக்கும்போது, கட்டியும் சேர்ந்து மேலே போகும். கட்டி சிறியதாக இருந்தால் பாதகமில்லை. பெரியதாக இருந்தால் துவாரத்தை அடைத்துக்கொண்டு சீழ் பிடிக்கலாம். அப்படிப்பட்ட கட்டியில் ஊசி போட்டு நீரை உறிஞ்சிவிட்டு மேலே தொடர்பவர்களும் உண்டு, முதலில் அதை எடுத்துவிட்டுச் சில மாதம் பொறுப்பவர்களும் உண்டு. இன்னொன்று: ஸ்கேன் எடுக்கும்போது துவாரம் வரை பதிவாகும்படி எடுக்கச் சொல்லுங்கள். பல்வரிசையை மட்டும் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு யாராலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

கேள்வி: இடது பக்கம் மட்டும் மூக்கில் கெட்ட வாடை. அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பல்லுக்கு முன்பு வேர் சிகிச்சை செய்திருக்கிறேன். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுவிட்டு, பல்லை எடுத்த கையோடு இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்ளலாமா? (மன்னார்குடி)

கூடாது. ஒரு பக்கம் மட்டும் சைனஸ் கெட்டால், மூக்கைவிடப் பல்லின் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் நுனிக்கும் சைனஸுக்கும் நடுவே சிலருக்கு எலும்பே இருக்காது, சவ்வு மட்டும்தான். பல்லில் சீழ் இருக்கும்வரை மாத்திரை தற்காலிகமாக அடக்கி வைக்கும், அவ்வளவுதான். பல்லுக்கு ஒரு வழி செய்யுங்கள்: மறு வேர் சிகிச்சை, இல்லையென்றால் எடுத்துவிடுவது. கூடவே காது மூக்கு தொண்டை டாக்டரிடமும் காட்டுங்கள். சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து, சைனஸ் தெளிந்திருந்தால் அப்புறம் இம்ப்ளாண்ட் பேச்சு. நிழலுக்குள் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை உருண்டையாக இருக்கலாம். வேர் சிகிச்சையில் அடைக்கும் மருந்து சைனஸுக்குள் தள்ளப்பட்ட இடத்தில் இது வருவதுண்டு. மருந்தால் கரையாது, எண்டோஸ்கோப்பி மூலம் எடுத்துவிட வேண்டும்.

கேள்வி: தை, மாசியில் சம்பா அறுவடைத் தூசி பட்டாலே தும்மல்தான். ஸ்கேனில் இரண்டு பக்கமும் சவ்வு தடித்திருக்கிறது என்கிறார்கள். (நீடாமங்கலம்)

இரண்டு பக்கமும் என்றால் அலர்ஜியாக இருக்க வாய்ப்பு அதிகம். சவ்வு லேசாகத் தடித்து, துவாரம் திறந்திருந்தால் அதற்காக இம்ப்ளாண்டைத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் காலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சைனஸ் தூக்கும் சிகிச்சைக்குப் பிறகு இரண்டு வாரமாவது மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். களத்தில் வைக்கோல் பறக்கிற மாதத்தில் இது நடக்கிற காரியமா? அலர்ஜியை மருந்தால் கட்டுக்குள் கொண்டுவந்து, அறுவடை முடிந்தபின் செய்துகொள்ளுங்கள். நெல் காத்திருக்காது, பல் காத்திருக்கும்.

கேள்வி: வெற்றிலை, சீவல், புகையிலை பழக்கம் உண்டு. தடையா? (கும்பகோணம்)

வெறும் வெற்றிலையால் ஒன்றும் இல்லை. பாக்கும் புகையிலையும்தான் பிரச்சினை. வருடக்கணக்கில் பாக்கு மென்றால் கன்னத்தின் உள்சதை இறுகி வாய் திறப்பது குறையும். பின்பக்கப் பல்லிடம் கருவியை நுழைக்கவே முடியாமல் போகும். உங்கள் மூன்று விரல் செங்குத்தாக வாய்க்குள் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லை என்றால் இம்ப்ளாண்ட் கிடக்கட்டும், முதலில் வாயைக் காட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு ஒரு பக்கக் கன்னம் மரத்திருக்கிறது, அந்தப் பக்க மூக்கில் அவ்வப்போது ரத்தம் வருகிறது. மேல்பல் ஒன்று தானாக ஆடுகிறது. எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் வைக்கலாமா? (திருவாரூர்)

பல்லைத் தொடவே வேண்டாம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், சைனஸில் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் வேறு எதுவும். இந்த வாரமே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு பெரிய மருத்துவமனைக்கோ அழைத்துப் போய் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். எலும்பு அரித்திருக்கிறதா என்று சிடி ஸ்கேனில் பார்த்து, தேவைப்பட்டால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள்.