தரை முழுக்கக் கத்தும் மெட்டல் டிடெக்டர்

கேள்வி: கனடாவிலிருந்து வந்த மாமா எனக்கென்று ஒரு புது மெட்டல் டிடெக்டர் கொண்டுவந்தார். பழைய காசு சேர்ப்பது என் பொழுதுபோக்கு. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். ஹோலில் போட்டுப் பார்த்தேன். தரையில் எந்தப் பக்கம் காட்டினாலும் கத்துகிறது. கையில் இருந்த ஐந்து ரூபாக் குத்தியைக் காட்டினால் ‘இரும்பு’ என்கிறது. வாங்கிய கடையில் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாமாம். மாமா அடுத்த வாரம் போகிறார். பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: அவசரப்பட்டுப் பெட்டியைக் கட்டாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு குறைகளும் இயந்திரத்தின் குறைகள் மாதிரித் தெரியவில்லை. ஒன்று உங்கள் வீட்டுத் தரையுடையது, மற்றது மத்திய வங்கியின் குத்தியுடையது.

முதலில் தரை. டிடெக்டரின் வட்டத் தட்டுக்குள் செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அது கீழே காந்தப் புலத்தை அனுப்பும். அந்தப் புலத்தில் உலோகம் மாட்டினால் அதற்குள் சின்னதாக மின்னோட்டம் ஓடும், அதன் எதிரொலியைத்தான் இயந்திரம் கேட்கிறது. உங்கள் ஹோலில் டைல்ஸுக்குக் கீழே ஒரு சாணுக்குள் கொங்கிரீட் கம்பி வலைபோல ஓடுகிறது. கத்தாமல் என்ன செய்யும்? இது பெரிய மனிதர்களுக்கும் நடந்த கதை. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டு, உடம்புக்குள் குண்டுடன் கிடந்தார். தொலைபேசிக்குப் பெயர்போன அலெக்சாண்டர் கிரகாம் பெல், குண்டைத் தேட ஒரு கருவி செய்து எடுத்துப் போனார். குண்டு அகப்படவில்லை. அவரைக் குழப்பியவற்றில் ஒன்று கட்டில் மெத்தைக்குள் இருந்த உருக்குச் சுருள்கள். அவருக்குக் கட்டில், உங்களுக்குத் தரை.

இனிக் குத்தி. ஒரு காந்தத்தை எடுத்து உங்கள் ஐந்து ரூபாவில் வையுங்கள். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்குமே, அதுவே போதும். ஒட்டினால் விடை கிடைத்துவிட்டது. 2005 முதல் வந்த ஒரு ரூபா, ஐந்து ரூபாக் குத்திகள் பித்தளை முலாம் பூசிய உருக்கு. பார்க்கப் பொன் நிறம், உள்ளே இரும்புக் குடும்பம். 2017 என்று பொறித்தவை துருப்பிடிக்காத உருக்கு. ஆணி, சோடா மூடி எல்லாவற்றையும் தள்ளிவிடும்படி இயந்திரத்தை வைத்திருந்தால், அவற்றோடு சேர்த்து இன்றைய சில்லறையையும் அது தள்ளிவிடும், அல்லது என்ன உலோகம் என்று காட்டத் திரையில் வரும் எண் நிலையில்லாமல் துள்ளும். அதனால் சோதிக்கப் பழைய குத்திகளை எடுங்கள். காசு சேர்ப்பவர், உங்களிடம் இருக்கும். 1984இன் தடித்த ஐந்து ரூபா, 1970களின் 25 சதம், 50 சதம், விக்டோரியா தலை போட்ட 1870ஆம் ஆண்டுச் செப்புச் சதம் ஒன்று, 1963 தொடக்கம் வந்த அலுமினிய ஒரு சதம் ஒன்று. செப்புச் சதத்துக்குப் பெரிய எண் காட்டி உரத்த சத்தம் போடவேண்டும். அலுமினியச் சதம் அதற்கு நன்றாகக் கீழே நிற்கும். ஒவ்வொன்றையும் பத்துத் தரம் காட்டிப் பாருங்கள். அதே குத்திக்கு அதே எண், ஒன்றிரண்டு முன்பின், வந்துகொண்டிருந்தால் இயந்திரம் சரி.

இதை ஹோலில் செய்யாதீர்கள். யாராவது சொந்தக்காரர் வளவில், ஆணி அதிகம் அடிக்காத மர மேசை ஒன்றின்மேல் தட்டைப் படுக்க வைத்துச் செய்யுங்கள். மோதிரம், மணிக்கூடு, காப்பு எல்லாம் கழற்றி வையுங்கள். போனைத் தூரத்தில் வையுங்கள். மேலே மின்கம்பி போகும் இடம் வேண்டாம்.

மேசையில் பாஸ் ஆனால் பாதிதான். மண்ணில் பார்க்கவேண்டும். பெட்டியிலும் வீடியோவிலும் சொல்லும் ஆழமெல்லாம் வேறு நாட்டு மண்ணில் அளந்தவை. நமது கொழும்புப் பக்கத்து மண் செம்மண், கீழே கபுக் எனும் சிவப்புக் கல். அதன் சிவப்பே இரும்புச் சத்துத்தான். போன வருடம் கடன் வாங்கிய ஒரு இயந்திரத்தைத் தெஹிவளையில் நண்பர் வளவில் வைத்துப் பார்த்தேன். மேசையில் 22 சென்ரிமீற்றரில் கேட்ட அதே 25 சதம், மண்ணுக்குள் 12இல் முணுமுணுத்தது, 15இல் ஊமையாகிவிட்டது. இரண்டு மணித்தியாலம் முழங்காலில் நின்று, தட்டைத் தரைக்கு மேல் ஏற்றி இறக்கிக் ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ செய்த பிறகு 15இலும் கேட்டது. அதாவது இயந்திரத்துக்கு அந்த மண்ணைப் பழக்கவேண்டியிருந்தது. விலை குறைந்த சிலவற்றில் இந்த வசதி நம் கைக்கு வராது, கொம்பனி வைத்தபடியேதான்.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். 5, 10, 15, 20 சென்ரிமீற்றரில் நான்கு குழி, முழங்கை இடைவெளி போதாது, ஒரு மீற்றராவது விட்டு. ஒரே வகைக் குத்தி நான்கு. ஐந்தாவதாக ஒன்றை நிறுத்திப் புதையுங்கள். படுத்த குத்தியைவிட நின்ற குத்தி குறைவாகத்தான் பேசும். ஈர்க்கு நட்டு அடையாளம் வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் விக்டோரியாவை நீங்களே தேடவேண்டி வரும்.

கடற்கரை இன்னொரு பரீட்சை. உப்புத் தண்ணீர் மின்சாரம் கடத்தும். காய்ந்த மணலில் அமைதியாக இருக்கும் இயந்திரம் ஈர மணலுக்கு வந்ததும் பிதற்றும். மைன்லேப் வான்குவிஷ் போன்ற டிடெக்டர்கள் ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் வேலை செய்வதால் ஈர மணலில் ஓரளவு நிதானம். நொக்டா சிம்ப்ளெக்ஸ் முழுதாகவே தண்ணீருக்குள் இறங்கும், ஆனால் ஒற்றை அலைவரிசை. கேரட் ஏஸ் 300இல் தட்டு மட்டும்தான் தண்ணீர் தாங்கும், மேலே இருக்கும் பெட்டிக்கு ஒரு அலை போதும், கதை முடிந்தது. வான்குவிஷ் பெட்டிக்கும் அதே பயம் உண்டு. அந்த வளவிலேயே பார்க்க வழி இருக்கிறது: ஒரு பெரிய பிளாஸ்ரிக் பேசினில் மணலும் ஒரு வாளி கடல் தண்ணீரும்.

இதெல்லாம் சேர்த்து அரை நாள் வேலை. மாமா போகுமுன் முடித்துவிடலாம். அப்புறம் ஒன்று: அவர் இதை விமான நிலையத்தில் சுங்கத்துக்கு அறிவித்துக் கொண்டுவந்தாரா? அந்தத் தாள் இருந்தால் பத்திரமாக வையுங்கள். ஏன் என்று கீழே, கடற்கரையில் காசு தேடுவது பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒருவர் ‘தங்கத்தை மட்டும்’ காட்டும் ஸ்கேனர் விற்கிறார். பத்து மீற்றர் ஆழமாம், நூறு மீற்றர் தூரத்திலிருந்தே திசை காட்டுமாம். ஆறு இலட்சம். என் கண் முன்னால் செய்து காட்டினார், அன்ரெனா தானாகத் திரும்பியது.

பதில்: வாங்காதீர்கள். தட்டைத் தரைக்கு மேல் ஆட்டும் சாதாரண டிடெக்டர் காசளவு பொருளைக் கேட்பது ஒரு சாண், ஒன்றரைச் சாண். பத்து மீற்றர் என்பது மூன்று மாடி. பிடியில் சும்மா தொங்கும் அன்ரெனா கை மணிக்கட்டு இம்மி சாய்ந்தாலே திரும்பும். பிடித்திருப்பவருக்கே தெரியாது, அவர் பொய் சொல்லவேண்டும் என்றுகூட இல்லை. இதே மாதிரியான ஒன்றைக் குண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மக்கோர்மிக் என்பவருக்கு 2013இல் லண்டனில் பத்து வருடச் சிறை கொடுத்தார்கள். உள்ளே வேலை செய்யும் எதுவும் இருக்கவில்லை.

சோதிக்கவேண்டுமா? ஒரே மாதிரி ஆறு சிரட்டை எடுங்கள். ஒன்றுக்குக் கீழே மனைவியின் மோதிரம். எதன் கீழ் என்று விற்பவருக்கும் தெரியக்கூடாது, பக்கத்தில் நிற்கும் உங்களுக்கும் தெரியக்கூடாது. மூன்றாவது ஆள் வைத்துவிட்டு வெளியே போகட்டும். பத்துத் தரம். இதற்குச் சம்மதிக்காதவரிடம் ஆறு இலட்சம் அல்ல, அறுநூறு ரூபாவும் கொடுக்கவேண்டாம்.

கேள்வி: 2009இல் முல்லைத்தீவிலிருந்து வெளிக்கிட்டபோது அம்மா நகைகளை வளவில் புதைத்தவ. பால்மா ரின்னில் போட்டு, கிணற்றுக்கும் மாமரத்துக்கும் நடுவில் என்று சொல்லுறா. இப்போது காணி திரும்பக் கிடைத்துவிட்டது. மாமரம் இல்லை. கொழும்பிலிருந்து ஒரு டிடெக்டர் வாங்கிக்கொண்டு போகலாமா? எது நல்லது?

பதில்: எது நல்லது என்பதற்கு முன், அந்தக் காணி மிதிவெடி அகற்றி ஒப்படைத்த காணிதானா என்று கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் உறுதிப்படுத்துங்கள். நீங்கள் தேடுவதும் ரின், வெடிக்காமல் கிடக்கும் எறிகணையும் இரும்பு. இரண்டையும் பிரித்துச் சொல்ல கடையில் வாங்கும் எந்த இயந்திரமும் உதவாது. பிறகு, கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் எழுத்தில் அறிவித்து அவர்கள் முன்னிலையில் தேடுங்கள். காணி உறுதியையும், அம்மாவிடம் நகைப் பட்டியலோ, போட்டுக்கொண்டு எடுத்த கலியாணப் படமோ இருந்தால் அதையும் கையில் வையுங்கள். இரவில் மண்வெட்டியோடு போனால் அது புதையல் வழக்காகிவிடும்.

இனி இயந்திரம். வாங்கவேண்டாம், தெரிந்தவரிடம் இரவல் எடுங்கள் அல்லது ஆளோடு கூட்டிப் போங்கள், ஒரு நாள் வேலைதான். ‘இரும்பைத் தள்ளு’ என்ற அமைப்பை நிறுத்திவிடவேண்டும், இதில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். தங்கம் தேடுகிறோம் என்று தங்கத்துக்கு வைத்தால் ரின்னை இயந்திரம் ஆணியென்று ஒதுக்கிவிடவும் கூடும். முழு ரின் என்றால் காசைவிட நன்றாக ஆழத்திலும் கேட்கும், அது நல்ல செய்தி. ஆனால் இத்தனை வருடத்தில் ரின் துருப்பிடித்து உதிர்ந்திருக்கவும் கூடும். அப்படியானால் உள்ளே என்ன இருந்தது என்று அம்மாவிடம் கேளுங்கள். காப்பும் மோதிரமும் முழு வளையம், நன்றாகக் கேட்கும். மெல்லிய சங்கிலி அப்படியல்ல. எத்தனை பவுணாக இருந்தாலும் இயந்திரம் அதைத் தனித்தனிக் கண்ணியாகத்தான் பார்க்கும், பெரும்பாலும் கேட்காது. அதனால் காப்பு அகப்பட்ட இடத்தில் நிறுத்தாமல், அந்த மண்ணை அள்ளி அரிதட்டில் போட்டு அரியுங்கள்.

மாமரம் இல்லாவிட்டாலும் கிணறு இருக்கிறதல்லவா? அம்மாவை நேரே கூட்டிப் போய்க் கிணற்றடியில் நிற்க வையுங்கள். அங்கே நின்றால் இன்னும் சில ஞாபகம் வரும்.

கேள்வி: கல்கிசைக் கடற்கரையிலும் கோட்டைப் பக்கத்திலும் பழைய காசு தேடலாமா? அனுமதி வேண்டுமா? எனக்கு நாணயம் சேர்க்கத்தான், விற்க அல்ல.

பதில்: விற்கவா சேர்க்கவா என்பது சட்டத்துக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்தியவை தொல்பொருள். கண்டி ஒப்பந்த நாள்தான் அது. காசும் அதில் அடங்கும். மண்ணுக்குள் கிடக்கும் அப்படிப்பட்ட பொருள் அரசின் சொத்து, உங்கள் சொந்தக் காணியாக இருந்தாலும். தொல்பொருள் தேடித் தோண்ட அனுமதிப்பத்திரம் வேண்டும். தற்செயலாக அகப்பட்டால் அறிவிக்கவேண்டும். கோட்டைப் பக்கத்தில் ஒல்லாந்தக் கொம்பனியின் முத்திரை போட்ட செப்புக் காசு வந்தால் அது நேராக இந்தச் சட்டத்துக்குள் விழும். 1815 என்று பொறித்த யானைக் காசு கிடைத்தால் எந்த மாதம் அடித்தது என்று வாதாட நிற்காமல், கொழும்பு 7, சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் இருக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

டிடெக்டரோடு பிடிபட்டவர்கள் பற்றிய பொலிஸ் செய்தி பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. அதனால் பொது இடத்தில் இறங்குமுன் அதே திணைக்களத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் பணம் கட்டுமுன் சுங்கத்திடமும் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடமும் எழுத்தில் கேளுங்கள். மேலே வெள்ளவத்தைக்காரரிடம் சுங்கத் தாளைப் பத்திரமாக வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

கல்கிசையில் என்ன அகப்படும் என்றும் சொல்லிவிடுகிறேன்: பியர் மூடி, சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாள், ரின் வளையம். அந்த அலுமினிய வளையமும் தங்க மோதிரமும் திரையில் கிட்டத்தட்ட ஒரே எண்தான். மோதிரம் வேண்டுமென்றால் வளையத்தையும் தோண்டத்தான் வேண்டும்.

கேள்வி: உள்ளூரில் வாங்கிய டிடெக்டர் மூன்றாம் நாளே நின்றுவிட்டது. விற்றவர் ‘பற்றரி பிழை’ என்கிறார். பில் தரவில்லை.

பதில்: முதலில் புதுப் பற்றரி போட்டுப் பாருங்கள், சில நேரம் அவர் சொல்வது சரியாக இருக்கும். இல்லையென்றால் பில்லைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. பணம் வங்கியால் போயிருந்தால் அந்தச் சீட்டு, வாட்ஸ்அப்பில் பேசியது, இயந்திரத்தின் தொடர் இலக்கம் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். பெயர்போன கொம்பனிகளின் போலி நிறைய ஓடுகிறது, தொடர் இலக்கத்தைக் கொம்பனிக்கே அனுப்பிக் கேட்டால் அசலா என்று தெரிந்துவிடும். முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் அதிகார சபைக்குக் கொடுக்கவேண்டும். தொலைபேசி 1977.