ஓடும்போது மட்டும் நாறுகிற வண்டி

கேள்வி: எங்கள் மோட்டார்ஹோமில் (வீடு போல சமையல், கழிப்பறை வசதியோடு இருக்கிற வண்டி) கழிவுத் தொட்டி இரண்டையும் காலி செய்து கழுவிவிட்டேன். நிற்கும்போது வாடையே இல்லை, கிளம்பி அரை மணி நேரத்தில் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கிறது. ஏன்?

பதில்: தொட்டியை விடுங்கள், முதலில் சிங்க்குக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். வளைந்த குழாய் ஒன்று இருக்கும், அதன் வளைவில் தேங்கி நிற்கிற கொஞ்சம் தண்ணீர்தான் தொட்டி வாயு மேலே வராமல் அடைத்துக்கொண்டிருக்கிறது. வண்டி குலுங்கினால் அது தளும்பி இறங்கிவிடும், பல வாரம் சும்மா நின்றால் காய்ந்தே போகும். கிளம்பும் முன் சிங்க்கில் தண்ணீர் ஊற்றி, அதன் ஓட்டைக்கு மூடியைப் போட்டு அழுத்துங்கள். ஷவர் ஓட்டைக்கும் அதேதான் (அதைத்தான் எல்லோரும் மறக்கிறோம், நானும்தான்).

அப்புறம், ஓடும்போது கூரை விசிறியையோ ஜன்னலையோ திறந்து வைத்திருக்கிறீர்களா? உள்ளே காற்றழுத்தம் குறைந்து, தொட்டியில் இருக்கிற வாயுவை வண்டிக்குள் உறிஞ்சி இழுத்துவிடும். ஒரு பயணம் மூடி வைத்து ஓட்டிப் பாருங்கள்.

அதற்கும் அடங்கவில்லை என்றால், கழிப்பறைக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வையுங்கள். காலையில் அது காணாமல் போயிருந்தால் ரப்பர் சீல் போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான். சிங்க்குக்கு அடியில் காற்றை உள்ளே மட்டும் விடுகிற சின்ன பிளாஸ்டிக் வால்வு இருந்தால் அதையும் பாருங்கள், ஒட்டிக்கொண்டு திறந்தே நிற்கும்.

ஆத்திரத்தில் பிளீச்சையும் வினிகரையும் சேர்த்து ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு வரும்.