பிடி தெரிந்தவன் குத்துக்குத் தனி பலம்: கேள்வி பதில்

கேள்வி: மாஸ்டர், மூன்று வருடமாக பாக்ஸிங் பழகுகிறேன். எனக்கு எதற்கு ஜூடோவும் மல்யுத்தமும்?

பதில்: தம்பி, 2018 அக்டோபரில் லாஸ் வேகாஸில் நடந்த கபீப் - மெக்ரிகர் சண்டையை ஒருமுறை பாருங்கள். குத்து, உதை, பிடி எல்லாம் சேர்ந்த கலப்புச் சண்டை (எம்எம்ஏ) அது. மெக்ரிகர் குத்துக்குப் பேர் போனவர், கபீப் ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதி மல்யுத்தத்தில் வளர்ந்தவர். இரண்டாவது சுற்றில் வலது கைக் குத்து வாங்கிக் கீழே போனது யார்? மெக்ரிகர்தான். முதல் சுற்றிலேயே கபீப் அவர் காலைப் பிடித்துத் தரையில் சாய்த்திருந்தார். மறுபடியும் காலுக்குத்தான் வருவார் என்ற பயத்தில் இருப்பவருக்கு முகத்துக்கு வரும் கை தெரியாது. நான் அதை அப்படித்தான் பார்க்கிறேன். நான்காவது சுற்றில் கழுத்துப் பிடியோடு சண்டை முடிந்தது.

இன்னொன்றும் உண்டு. கீழே விழுந்தால் எழுந்துவிடலாம் என்ற தைரியம் இருப்பவன்தான் முழு பலத்தோடு உதைப்பான். கலப்புச் சண்டை வீரர் சக் லிடெல்லை நாக்-அவுட்டுக்காகக் கொண்டாடுகிறோம். அவர் கல்லூரியில் மல்யுத்தம் செய்தவர். அந்தப் பயிற்சியை எதிராளியை வீழ்த்துவதற்கு அல்ல, தான் விழாமல் நின்று குத்துவதற்குத்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார்.

கேள்வி: 1993-இல் முதல் யுஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டியை ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேஸி ஜெயித்தாரே, அப்போது தரையில் பிடி போடும் அந்த ஜியு-ஜிட்சு மட்டும் போதும்தானே?

பதில்: போதாது. டென்வரில் ஒரே இரவில் மூன்று பேரை அவர் பணிய வைத்தது உண்மை. அதில் ஒருவர் ஒற்றைக் கையில் மட்டும் கிளவுஸ் போட்டு வந்த பாக்ஸர். தரையில் என்ன நடக்கும் என்றே அன்றைக்குப் பலருக்குத் தெரியாது. அப்புறம் எல்லாரும் தற்காப்பைக் கற்றுக்கொண்டார்கள், அந்தச் சாதகம் குறைந்துவிட்டது.

கேள்வி: தெருவில் தரையில் உருண்டால் அடுத்தவன் வந்து தலையில் மிதிக்க மாட்டானா?

பதில்: மிதிப்பான். அதனால் தெருவில் நீங்களாகத் தரைக்குப் போகாதீர்கள். ஆனால் சட்டையைப் பிடித்துத் தள்ளினால் நீங்கள் விரும்பாமலே விழுவீர்கள். தலை அடிபடாமல் விழுவது, மேலே ஏறியவனைத் தள்ளி எழுவது, எதிராளியின் அக்குளுக்குள் கை கொடுத்து நிற்பது, இந்த மூன்றையும் பழகுங்கள். கத்தி தெரிந்தால் ஓடுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது சார். கராத்தேயா, ஜூடோவா?

பதில்: ஜூடோவில் ஆரம்பியுங்கள் அம்மா. பெண் பிள்ளைகளிடம் வம்பு பெரும்பாலும் கையைப் பிடித்து இழுப்பதில்தான் தொடங்குகிறது. அந்த நெருக்கத்தில் குத்த இடமே இருக்காது. 1882-இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, ஆபத்தான அடிகளை விலக்கிவிட்டு, இரண்டு பேர் உண்மையான பலத்தோடு மோதிப் பழகும் முறையை நடுவில் வைத்தார். எதிர்த்து நிற்கும் உடம்பை வாராவாரம் தொட்டுப் பழகிய பிள்ளை, யாராவது பிடித்தால் உறைந்து போவது குறைவு. விழப் பழகுவது தனி லாபம். ஒரு வருடம் கழித்து குத்தும் பழகட்டும், தூரத்தில் நிற்பவனைச் சமாளிக்க அது வேண்டும்.

கேள்வி: பின்னாலிருந்து கழுத்தை நெரிக்கும் பிடியை வீட்டில் நண்பனோடு பழகலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பிடி சரியாக விழுந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டு, பத்து விநாடிக்குள்ளேயே நினைவு தப்பலாம். பயிற்சிக்கூடத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பழகுங்கள். நண்பன் கையால் தட்டினால் அந்த நொடியே விடுங்கள். தட்டாமலே உடம்பு தளர்ந்தாலும் விடுங்கள்.