முதியோர் இல்லத்தில் கலை: கைக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூர் அருகே 22 பேர் தங்கியிருக்கும் முதியோர் இல்லத்தைக் கவனித்துக்கொள்கிறேன். பகலெல்லாம் தொலைக்காட்சிதான் ஓடுகிறது. நன்கொடையாளர் ஒருவர் வண்ணம் தீட்டும் புத்தகங்களும் கிரேயான்களும் வாங்கித் தந்தார். இரண்டு பேரைத் தவிர யாரும் தொடவில்லை. ஒரு தாத்தா, "நான் என்ன எல்.கே.ஜி. பிள்ளையா?" என்று கோபித்துக்கொண்டார். ஐந்து பேருக்கு மறதி நோய் உண்டு. இதனாலெல்லாம் பலன் இருக்குமா? அதிகச் செலவில்லாமல் எப்படித் தொடங்குவது?

பதில்: தாத்தாவின் கோபம் நியாயமானது. அறுபது ஆண்டு உழைத்த கையில் கிரேயானைத் திணித்து, கோட்டைத் தாண்டாமல் தீட்டச் சொன்னால் யாருக்கும் மனம் சுருங்கத்தான் செய்யும்.

பலன் உண்டு. 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கலைகள் மனநலத்துக்கும் உடல்நலத்துக்கும் துணைநிற்கின்றன என்று அறிக்கை வெளியிட்டது. ஆனால் மறதி நோயைக் கலை குணப்படுத்தாது. அப்படிச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்த நோயிலும் பாட்டும் கைப்பழக்கமும் நெடுநாள் தங்கும். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்ல முடியாத ஓர் ஆயா, நடவுப்பாட்டின் அடுத்த அடியைத் தடங்கலில்லாமல் எடுத்துக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதல் வாரம் எதுவும் வாங்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஒவ்வொருவரிடமும் உட்காருங்கள். என்ன வேலை செய்தார்கள், கைக்கு எது பழக்கம், எந்தத் திருவிழாவுக்குப் போவார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கோபித்துக்கொண்டவர் தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் போனவராக இருக்கலாம். அவரிடம் கிழிந்த வலையும் முனை மழுங்கிய பிளாஸ்டிக் ஊசியும் கொடுத்துப் பாருங்கள். வயலில் நின்றவர் என்றால் பாட்டு. பண்ருட்டிப் பக்கத்துக் கொலு பொம்மைகளில் வண்ணம் உதிர்ந்தவை பல வீடுகளில் கிடக்கும். கேட்டு வாங்கி, நவராத்திரிக்கு முன் புதுப்பித்துத் திருப்பிக் கொடுக்கலாம். யாருக்கோ வேண்டிய ஒன்றைச் செய்கிறோம் என்ற எண்ணமே அவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

கோலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது கண், கை, கணக்கு மூன்றுக்கும் வேலை தரும். குனிந்து போட முடியாதே என்று விட்டுவிடாதீர்கள். மேசைமேல் கறுப்புப் பலகை வையுங்கள்; பார்வை மங்கியவர்களுக்கும் வெள்ளை மாவு அதில் எடுப்பாகத் தெரியும். விரல் நடுங்குபவருக்குச் சாக்பீஸில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள். பக்கவாதம் வந்தவருக்குப் பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது. ஒரு கையாலேயே போடலாம். புள்ளியை நீங்கள் வைத்து, இழுப்பை அவர்களிடம் விடுங்கள். தவறிப்போன இழுப்பைத் திருத்தாதீர்கள். களிமண் வேண்டுமென்றால், சுடுமண் வேலைக்குப் பேர்போன வில்லியனூர் அதிக தூரமில்லை. மூட்டுவலி உள்ளவர்கள் வெதுவெதுப்பான நீரில் கையை நனைத்துவிட்டுப் பிசையட்டும்.

மறதி உள்ளவர்களிடம் "ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்கவே வேண்டாம். அது அவர்களுக்குப் பரீட்சை. ஒரு படகுப் படத்தைக் காட்டி, "இந்தப் படகில் யார் போகிறார்கள்?" என்று கேளுங்கள். சொல்வதையெல்லாம் எழுதிக் கதையாக வாசித்துக் காட்டுங்கள். அமெரிக்காவில் ஆன் பாஸ்டிங் என்பவர் 1990களில் ஒரு முதியோர் இல்லத்தில் தொடங்கிய முறை இது. நினைவு தேவையில்லை, கற்பனை போதும் என்பதே அதன் அடிப்படை.

ஒரு முறைக்கு ஆறேழு பேர், முக்கால் மணி நேரம், வாரம் இரண்டு நாள் போதும். காலைச் சிற்றுண்டி, மாத்திரையெல்லாம் முடிந்த பிறகு, பத்து மணி வாக்கில் வையுங்கள். மாலையில் மறதி நோயாளிகளுக்குப் பதற்றம் கூடும். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள், காது மந்தமானவர்களுக்கு அந்த இரைச்சல் பெரிய தடை. படுக்கையில் இருப்பவர்களிடம் பாட்டைக் கொண்டுபோங்கள். வர மறுப்பவரை வற்புறுத்தாமல் அருகில் உட்காரச் சொன்னால் போதும்.

சில எச்சரிக்கைகள்: மறதி முற்றியவர்கள் களிமண்ணையும் புளியங்கொட்டை போன்ற சிறு பொருள்களையும் வாயில் போட்டுக்கொள்வார்கள், பக்கத்தில் ஆள் வேண்டும். நீண்டநாள் சர்க்கரை நோயில் விரல் உணர்வு குறைந்திருக்கலாம். கத்தரிக்கோல், கூரான ஊசி வேண்டாம். பாட்டு ஒப்பாரியாகி ஒருவர் அழுதால் தடுக்காதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு உடனிருங்கள். நன்கொடையாளருக்காக அனுமதியில்லாமல் படம் எடுப்பதை மட்டும் நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

பலனை ஓவியத்தின் அழகில் தேடாதீர்கள். தூக்கம், சாப்பாடு, பக்கத்துக் கட்டில்காரரோடு பேச்சு, "இன்றைக்கு உண்டா?" என்ற கேள்வி ஆகியவற்றைக் குறித்துவாருங்கள். ஆர்வமாக வந்துகொண்டிருந்தவர் இரண்டு வாரமாக எதிலும் சேராமல், சாப்பாடும் குறைந்தால், வயதாகிவிட்டது என்று விடாதீர்கள். மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே நாளில் குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்று போன்ற காரணம் இருக்கக்கூடும்; அன்றைக்கே அழைத்துப் போங்கள்.