சக்கர் மீனை வாங்காதீர்கள்: முதல் செடித்தொட்டி, வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை முதல் தடவை செடித்தொட்டி, அதாவது நீர்ச்செடி வளர்க்கும் மீன் தொட்டி, வைக்கிறவர்கள் எழுதியவை. சந்தோஷம். ஆனால் பாதிப் பேர் தொட்டியின் அளவையும் எழுதவில்லை, ஊற்றுவது எந்தத் தண்ணீர் என்றும் எழுதவில்லை. மெட்ரோ வாட்டரா, போரா, லாரியா, கேனா? ஒரே ஒரு சொல் போதும். அது தெரியாமல் பதில் சொன்னால் குருட்டு வைத்தியம்தான்.

மடிப்பாக்கம்: கையில் நாலாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. இரண்டடித் தொட்டியில் செடி வளர்க்க முடியுமா? கடையில் பத்தாயிரமாவது ஆகும் என்கிறார்கள்.

முடியும். மிச்சம்கூட இருக்கும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள சாதாரணக் கண்ணாடித் தொட்டி ஆயிரத்து இருநூறு ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும். பழைய தொட்டி போதும் என்றால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தேடலாம். வாங்கிய தொட்டியை மொட்டை மாடியில் சமதளமாக வைத்து இரண்டு நாள் தண்ணீர் நிரப்பிப் பார்த்த பிறகே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப் இரண்டும் சேர்த்து ஐந்நூறு.

விளக்குக்கு மீன் கடைக்குப் போக வேண்டாம். எலெக்ட்ரிகல் கடையில் இரண்டடி நீள 10 வாட் எல்இடி பேட்டன் கேளுங்கள், அட்டையில் 6500 கெல்வின் என்று போட்டிருக்க வேண்டும். முந்நூறு ரூபாய் இருக்கும். அது ஏறக்குறைய ஆயிரம் லூமென் தரும். இந்தத் தொட்டியில் மண் போக நிற்பது சுமார் நாற்பது லிட்டர் தண்ணீர். கார்பன் டை ஆக்சைடு கொடுக்காத தொட்டிக்கு அந்த வெளிச்சம் தாராளம். கூடவே ஒரு டைமர் வாங்கி விளக்கை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு வையுங்கள். ஆறுதான். எட்டு இல்லை, பத்து இல்லை.

அடியில் சலித்த செம்மண் ஒரு இன்ச், அதன்மேல் மணல் இரண்டு இன்ச். போர் தண்ணீர் ஃபில்டருக்குப் போடுகிற சிலிகா மணல் மூட்டையாகவே விற்கிறது, விலையும் குறைவு. வண்ணக் கற்களும் பிளாஸ்டிக் கோட்டையும் வேண்டாம். மிஞ்சிய பணம் முழுவதையும் செடியில் போடுங்கள். கொளத்தூருக்கு ஒரு நடை போனால் வாலிஸ்நேரியா, ஹைக்ரோஃபிலா, வாட்டர் ஸ்ப்ரைட், கிரிப்டோகோரைன், ஜாவா ஃபெர்ன் எல்லாம் ஒரே தெருவில் வாங்கிவிடலாம். முதல் நாளே நெருக்கமாக நடுங்கள். நாலு கொத்து நட்டுவிட்டு அது பெருகட்டும் என்று காத்திருந்தால், அந்த இடைவெளியில் பெருகுவது பாசி.

அப்புறம், இந்தத் தொட்டி நிரம்பினால் ஏறக்குறைய எண்பது கிலோ. டிவி ஸ்டாண்டில் வைக்காதீர்கள்.

ராயபுரம்: கடற்கரை மணலைக் கழுவிப் போடலாமா?

கூடாது. உப்பைக் கழுவிவிட முடியும், கிளிஞ்சல் துகளைக் கழுவ முடியாது. அது கரைந்து தண்ணீரைக் கடினமாக்கிக்கொண்டே இருக்கும். எந்தக் கல், மணல் மீது சந்தேகம் வந்தாலும் அதில் கொஞ்சம் வினிகரை ஊற்றுங்கள். நுரைத்தால் வேண்டாம்.

வேளச்சேரி: போர் தண்ணீர் டிடிஎஸ் 1100. அபார்ட்மென்டில் சாஃப்ட்னர் இருப்பதால் குழாயில் அந்தத் தண்ணீர்தான் வருகிறது. செடி வளருமா?

அளந்து எழுதியதற்கு நன்றி. சாஃப்ட்னர் டிடிஎஸ்ஸை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை, குறைப்பதில்லை. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு சோடியத்தைக் கொடுக்கிறது. துணி துவைக்க நல்லது, செடிக்கு ஆகாது. சாஃப்ட்னருக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து தண்ணீர் பிடிக்க வழி இருக்கிறதா என்று பிளம்பரிடம் கேளுங்கள். அதில் ஒரு பங்குக்கு ஆர்ஓ தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் டிடிஎஸ் 400-க்கு வரும். ஆர்ஓ என்றால் குடிக்கிற பக்கத்தில் வருவது, கழிவுக் குழாயில் வருவது அல்ல. 400-ல் வாலிஸ்நேரியா கொழிக்கும், கப்பியும் மாலியும் குட்டி போடும்.

மெட்ரோ வாட்டர்காரர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. உங்கள் குழாயில் வருவது ஒரே தண்ணீர் அல்ல. ஏரித் தண்ணீர், வீராணம் தண்ணீர், நெம்மேலியில் உப்பு நீக்கிய கடல்நீர் என்று பகுதிக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். மாதம் ஒருமுறை டிடிஎஸ் பாருங்கள். குளோரின் இருக்கும், ஆகவே வாளியில் ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்த பிறகே ஊற்றுங்கள். வாளியை மூடி வையுங்கள், கொசு முட்டையிடும்.

ஊர் எழுதாத ஒருவர்: புதுத் தொட்டி வாங்கி அன்றைக்கே மீன் விட்டேன். மூன்றே நாளில் எல்லாம் செத்துவிட்டன. என்ன மருந்து போடலாம்?

ஊரும் இல்லை, அளவும் இல்லை, தண்ணீரும் இல்லை, எத்தனை மீன் என்றும் இல்லை. ஆனாலும் காரணம் உங்கள் முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. அன்றைக்கே விட்டீர்கள். மருந்து எதுவும் வேண்டாம்.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் புதுத் தொட்டியில் கிடையாது. அவை ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேறச் சென்னை வெப்பத்தில்கூட மூன்று நான்கு வாரம் ஆகும். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 30 டிகிரித் தண்ணீரில் பிஎச் (கூடக் கூடக் காரம் என்று காட்டும் எண்) 7 என்றால், மொத்த அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவம் ஒரு சதவீதம்கூட இருக்காது. பிஎச் 8 என்றால் ஏழெட்டு சதவீதம். போர் தண்ணீர் பல வீடுகளில் எட்டை ஒட்டித்தான் இருக்கிறது. நம் ஊரைவிடக் குளிர்ந்த பெங்களூரில் ஒருவர் போட்ட வீடியோவில் தப்பித்த மீன் உங்கள் வீட்டில் ஏன் தப்பவில்லை என்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

செடிகளை நட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, விளக்கை ஆறு மணி நேரம் போட்டு, அந்த நுண்ணுயிரிகளுக்காக இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டுக் காத்திருங்கள். நண்பர் வீட்டில் ஆரோக்கியமான பழைய தொட்டி இருந்தால் அவர் ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை வாங்கி உங்கள் தொட்டியில் ஊற்றுங்கள், காத்திருப்பு பாதியாகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் வந்த பிறகு ஐந்தாறு மீன் விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பெரம்பூர்: தொட்டியில் பாசி பிடிக்கிறது. கடைக்காரர் டேங்க் கிளீனர் என்று சக்கர் மீன் இரண்டு கொடுத்தார். நல்ல மீன்தானே? பெரிதானால் என்ன செய்வது?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், இந்த முறையும் எழுதுகிறேன்: சக்கர் மீனை வாங்காதீர்கள்.

கடையில் இரண்டு இன்ச் நீளத்தில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சாதுவாக இருக்கும். தென் அமெரிக்க ஆற்று மீன் அது. வளர்ந்தால் ஓரடியைத் தாண்டும். சாதாரண இரண்டடித் தொட்டியின் அகலமே ஓரடிதான், அதனால் திரும்பக்கூட முடியாது. குட்டியாக இருக்கும்போது பாசி தின்னும், உண்மை. வளர வளரப் பாசியில் அக்கறை குறைந்து, நீங்கள் போடும் தீனிக்குப் பழகிவிடும். இரவில் சுற்றும் மீன் என்பதால் விளக்கை அணைத்த பிறகு வேரைக் கிளறிப் போடும், அகன்ற இலைகளைச் சுரண்டி வலைபோல் ஆக்கும். காலையில் எழுந்து பார்த்தால் நட்ட செடி மிதக்கும். மற்ற மீன்களின் கழிவை அது சாப்பிடும் என்று சொல்லி விற்கிறார்கள். சாப்பிடாது. மாறாக, தொட்டியிலேயே அதிகக் கழிவு போடுவது அதுதான். சுத்தம் செய்ய வந்ததாகச் சொல்லப்படும் மீன், அந்தச் சின்னத் தொட்டி தாங்க வேண்டிய அழுக்கை இரட்டிப்பாக்குகிறது.

இதுவரை சொன்னது உங்கள் தொட்டிக்கு வரும் நஷ்டம். நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விதான் எனக்குக் கவலை. பெரிதானால் என்ன செய்கிறார்கள்? பாவம் என்று ஏரியில் விடுகிறார்கள். அங்கே அது சாவதில்லை. தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றாலேயே சுவாசிக்கும். கரையில் வளை தோண்டி முட்டையிடும், கரை சரியும். உடம்பு முழுக்க எலும்புத் தகடும் முள்ளும் இருப்பதால் பறவைகளாலும் எளிதில் விழுங்க முடியாது, மீனவர் வலையில் சிக்கினால் வலை கிழியும். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் கெண்டையும் விராலும் கிடைத்த இடத்தில் இது வலையில் வருகிறது. யாரும் வாங்குவதில்லை, கரையில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அவை கப்பலேறித் தானாக வந்த மீன்கள் அல்ல. நம்மைப் போல வீட்டில் தொட்டி வைத்தவர்கள் விட்டவை. மீன் வளர்ப்பில் ஆசை உள்ள நாமே நம் ஏரியைக் கெடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே அந்த இரண்டையும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பணம் திரும்ப வராது, பரவாயில்லை. வாங்க மறுத்தால் நான்கடித் தொட்டி வைத்திருப்பவரைத் தேடிக் கொடுங்கள். ஏரி, குளம், கால்வாய், கோயில் தெப்பக்குளம் எதிலும் விடாதீர்கள்.

பாசிக்கு என்ன செய்வது? விளக்கை ஆறு மணி நேரமாகக் குறையுங்கள். தீனியைப் பாதியாக்குங்கள். கண்ணாடியைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுங்கள். வாரம் கால் பங்குத் தண்ணீர் மாற்றுங்கள். உதவிக்கு ஒரு மீன் வேண்டுமென்றால் இரண்டு மூன்று மாலி விடுங்கள். நம் கடினத் தண்ணீர் அதற்குப் பிடிக்கும், நாள் முழுக்கப் பாசியைக் கொத்திக்கொண்டிருக்கும்.

அண்ணா நகர்: லக்கி பேம்பூவைத் தொட்டிக்குள் முழுக்க மூழ்க வைத்தேன், மஞ்சளாகிறது.

அது நீர்ச்செடி இல்லை. வேர் மட்டும் தண்ணீரில், இலை வெளியே. மணி பிளான்ட்டும் அப்படியே; அதன் வேரைத் தொட்டிக்குள் தொங்கவிட்டால் நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும்.

தாம்பரம்: கிரிப்டோகோரைன் வாங்கி ஒரு வாரத்தில் இலையெல்லாம் கூழாகிவிட்டது. பிடுங்கிவிடவா?

வேண்டாம். பண்ணையில் அதன் இலை தண்ணீருக்கு வெளியே வளர்ந்தது. உள்ளே வந்ததும் அதை உதிர்த்துவிட்டுப் புது இலை விடும். அழுகியதைக் கத்தரித்துவிட்டு மூன்று வாரம் பொறுங்கள். இடம் மாற்றி மாற்றி நடுவதுதான் அதைக் கொல்லும்.

போரூர்: உரக்கடையில் 19:19:19 மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

போடாதீர்கள். அதில் உள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி யூரியாவாகவும் அம்மோனியமாகவும் இருக்கும். மீன் உள்ள தொட்டியில் அது அம்மோனியாவை ஊற்றுவதற்குச் சமம். டிஏபியும் அதே காரணத்துக்காக வேண்டாம். உரக்கடையில்தான் வாங்க வேண்டும் என்றால் பொட்டாசியம் நைட்ரேட் கேளுங்கள். ஆனால் செம்மண் போட்ட புதுத் தொட்டிக்கு முதல் மூன்று மாதம் எந்த உரமும் தேவைப்படாது.

அம்பத்தூர்: சர்க்கரையும் ஈஸ்டும் கலந்து கார்பன் டை ஆக்சைடு கொடுக்கலாமா? தரையை விரிப்பு போல மூடும் கார்பெட் செடி வைக்க ஆசை.

வேலை செய்யும். நம் வெயிலில் புளிப்பு வேகமாக நடந்து பாட்டில் ஒன்றரை வாரத்தில் ஓய்ந்துவிடும். வாயுவின் அளவு ஏறி இறங்கினால் செடியைவிடப் பாசிக்கே லாபம். முதல் தொட்டியில் கார்பெட் ஆசையைத் தள்ளி வையுங்கள்.

குரோம்பேட்டை: மே மாதம் தண்ணீர் 32 டிகிரி. நியான் டெட்ரா தாங்குமா?

தாங்காது, அது குளிர்ந்த, மென்மையான தண்ணீர் மீன். நம் ஊருக்கு கப்பி, மாலி, வரி டேனியோ. மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் குறுக்கே சின்ன மேசை ஃபேன் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். புழுக்கமான நாளில் அவ்வளவு இறங்காது. ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். ஆகவே குறைந்த அளவை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள்.

பள்ளிக்கரணை: மிக்ஜாம் புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை, மீன்கள் போய்விட்டன. மறுபடி வைக்கப் பயமாக இருக்கிறது.

2023 டிசம்பரில் உங்கள் பகுதி பட்ட பாடு தெரியும். வருத்தப்படுகிறேன். மறுபடி வையுங்கள், மீனைக் குறைவாக வைத்து. யுஎஸ்பி ஏர் பம்ப் ஒன்றும் பவர் பேங்க் ஒன்றும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தயாராக இருக்கட்டும். கரண்ட் போனால் தீனியை உடனே நிறுத்துங்கள்; ஆரோக்கியமான மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும். இரவில் செடிகளும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும் என்பதால், பம்பை இரவுக்கென்று மிச்சம் பிடியுங்கள். பம்பே இல்லையென்றால் ஒரு சொம்பில் தண்ணீரை எடுத்து உயரத்திலிருந்து பத்து நிமிடம் ஊற்றுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

குன்றத்தூர்: பக்கத்துக் குளத்தில் கொட்டிக்கிழங்கு இருக்கிறது. கொண்டுவந்து நடலாமா?

நல்ல தேர்வு. கடையில் அப்போனோகெட்டான் என்று காசு கொடுத்து வாங்கும் குடும்பம்தான் அது. ஒன்றிரண்டு கிழங்கு போதும், குளத்தை மொட்டை அடிக்காதீர்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த இளஞ்சிவப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி, மூடிய வாளியில் ஒரு வாரம் தனியாக வையுங்கள். அட்டையும் தும்பிப் புழுவும் கூடவே வரும். கிழங்கைப் பாதி மட்டும் மணலில் புதையுங்கள். மிதக்கும் இலை அதிகமானால் கத்தரித்து, கீழே உள்ள செடிகளுக்கு வெளிச்சம் விடுங்கள். கத்தரித்ததைக் குப்பையில் போடுங்கள், குளத்தில் அல்ல.