வெயில் அடித்தால் வலிக்குமா?

வணக்கம் ஐயா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஆங்கில நாளிதழ், அலுவலகக் கடிதங்கள் எல்லாம் தடுமாற்றமில்லாமல் வாசிப்பவன்தான். அண்மையில் ஓர் இணையவழிக் கூட்டத்தில் நான் ஒரு யோசனையைச் சொன்னதும், அமெரிக்கரான தலைவர் ‘லெட்ஸ் டேபிள் திஸ்’ என்றார். விவாதத்துக்கு எடுத்துக்கொள்கிறார் என்று எண்ணி நான் விளக்கத் தொடங்கினேன். மற்றவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். பிறகு அகராதியைப் புரட்டினால், விவாதத்துக்கு வைத்தல், விவாதத்தைத் தள்ளிப்போடுதல் என்று இரண்டு பொருளையும் அடுத்தடுத்துப் போட்டிருக்கிறார்கள்! கடினமான சொற்கள் என்னைக் கைவிடுவதில்லை. டேபிள், ரன், செட் போன்ற சின்னச் சொற்கள்தான் காலை வாரிவிடுகின்றன. இப்போது ஆயிரம் மரபுத்தொடர்கள் கொண்ட ஒரு பட்டியலை மனப்பாடம் செய்கிறேன். இது சரியான வழியா? எந்த அகராதி வாங்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்களுக்கு நேர்ந்தது சர்ச்சிலின் அதிகாரிகளுக்கும் நேர்ந்திருக்கிறது. 1941 இறுதியில் வாஷிங்டனில் நடந்த பேச்சுவார்த்தையில், பிரிட்டிஷ் தரப்பு ஓர் அவசர அறிக்கையை ‘டேபிள்’ செய்ய விரும்புவதாகச் சொன்னது. அவர்கள் வழக்கில் அதற்கு ‘உடனே பேசுவோம்’ என்று பொருள். அமெரிக்க வழக்கில் ‘ஓரமாக ஒதுக்கிவைப்போம்’ என்று பொருள். இவ்வளவு முக்கியமானதை எப்படி ஒதுக்கலாம் என்று அமெரிக்கர்கள் மறுக்க, காரசாரமாக நெடுநேரம் வாதாடிய பிறகே இரு தரப்பும் ஒன்றைத்தான் கேட்கின்றன என்பது விளங்கியது. சர்ச்சிலே தம் போர் வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். இரு பக்கமும் ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆகவே உங்கள் ஆங்கிலத்தை நொந்துகொள்ள வேண்டாம்.

சின்னச் சொற்கள் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. துறைச்சொற்களுக்குப் பெரும்பாலும் எங்கே போனாலும் ஒரே பொருள்தான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியோ ‘ரன்’ என்ற வினைக்கு மட்டும் 600-க்கும் மேற்பட்ட பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. அவற்றை மனப்பாடம் செய்த ஆங்கிலேயர் ஒருவரும் இருக்க முடியாது. நம்மையே பாருங்கள். மணி அடிக்கிறது, காற்று அடிக்கிறது, வெயில் அடிக்கிறது. வெயில் அடித்தது என்று சொன்னவரிடம் எங்கே வலிக்கிறது என்று யாராவது கேட்டதுண்டா? ‘வெயில்’ வந்த மாத்திரத்தில் ‘அடி’ எந்தப் பொருளில் வருகிறது என்பது முடிவாகிவிடுகிறது.

இதைத் தொல்காப்பியர் விதியாகவே வகுத்திருக்கிறார். பலபொருள் ஒருசொல்லின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவாகும் என்பது சொல்லதிகாரத்தில் வருகிறது. உரையாசிரியர்கள் ‘மா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். ‘மா பூத்தது’ என்றால் பூத்தல் என்ற வினை அதை மரமாக்குகிறது. ‘மாவும் மருதும் ஓங்கின’ என்றால் பக்கத்தில் நிற்கும் மருதமரம் காட்டிக்கொடுக்கிறது. கவசம் பூண்டு நிற்பவன் ‘மா கொண்டு வா’ என்றால் அவன் கேட்பது குதிரை. ஆங்கிலத்துக்கும் இந்த மூன்றும் அப்படியே பொருந்துகின்றன.

‘ரன்’னோடு எது சேர்கிறது என்று பாருங்கள். மூக்கு ‘ரன்’ ஆனால் ஒழுகுகிறது. துணியின் சாயம் ‘ரன்’ ஆனால் கரைந்து பரவுகிறது. நாளிதழ் ஒரு செய்தியை ‘ரன்’ செய்தால் வெளியிடுகிறது. அமெரிக்க வேட்பாளர் தேர்தலில் ‘ரன்’ செய்கிறார். நம் வேட்பாளர் நிற்கிறார். (பிரிட்டனிலும் நிற்கத்தான் செய்கிறார்கள். ஓடுவது அமெரிக்க வழக்கு.) அடுத்தது இனம். ‘சார்ஜ்’ என்ற சொல்லுக்கு அருகில் பேட்டரி வந்தால் ஒன்று, போலீஸ் வந்தால் வேறொன்று. மூன்றாவதான சார்புதான் உங்கள் கூட்டத்தில் வேலை செய்தது. யார், எந்த நாட்டுக்காரர், யாரிடம், எந்த நேரத்தில் சொல்கிறார் என்பது வாக்கியத்துக்குள் எழுதியிருக்காது.

இன்னும் நுட்பமான ஓர் இடம் இருக்கிறது. ‘செட் இன்’ என்பதற்கு ‘தொடங்கி நிலைகொள்ளுதல்’ என்று பல அகராதிகள் சொல்லும். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் மொழியியலாளர் ஜான் சின்க்ளேர் கணினியில் திரட்டிய ஏராளமான வாக்கியங்களை ஆராய்ந்தபோது, இந்தத் தொடரோடு வருபவை பெரும்பாலும் அழுகல், சிதைவு, விரக்தி போன்ற வேண்டாத சங்கதிகளே என்று கண்டார். ‘மகிழ்ச்சி செட் இன் ஆனது’ என்று எழுதினால் இலக்கணப் பிழை கிடையாது, ஆனால் வாசிப்பவருக்கு ஏதோ நெருடும். அந்த ஆய்விலிருந்து 1987-இல் வந்ததுதான் கோபில்ட் அகராதி. அதில் பொருள் முழு வாக்கியமாக இருக்கும். சொல் யாரோடு சேரும் என்பதும் அதற்குள்ளேயே வந்துவிடும். எந்த அகராதி என்று கேட்டீர்களே, என் தேர்வு அதுதான்.

சூழலை வைத்து ஊகி என்று ஆசிரியர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பக்கத்தில் உள்ள சொற்களும் தெரியாதவையாக இருந்தால் எதை வைத்து ஊகிப்பது? உதவியில்லாமல் ஒரு நூலைப் புரிந்து வாசிக்க, அதில் நூற்றுக்கு 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்கின்றன வாசிப்பு ஆய்வுகள். அதற்குக் குறைந்தால் நூலை மாற்றுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முன்னேறுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மரபுத்தொடருக்கு வருகிறேன். நேர்ப்பொருள் இடிக்கிறது என்பதுதான் முதல் அடையாளம். விருந்துக்கு அழைக்கப்பட்டவர், மழையின் சுவடே இல்லாதபோது, ‘ஐ வில் டேக் எ ரெயின் செக்’ என்கிறார். மழையால் நின்றுபோன பேஸ்பால் ஆட்டத்துக்கு வந்தவர்களுக்கு, இன்னொரு நாள் ஆட்டம் பார்க்கத் தரப்பட்ட சீட்டு அது. இந்தக் கதை தெரியாவிட்டாலும், அழைப்புக்குப் பதிலாக வந்ததால் இப்போது இயலாது, பிறகு பார்க்கலாம் என்கிறார் என்று பிடித்துவிடலாம். வடிவத்தையும் கவனிக்க வேண்டும். ‘கிக் தி பக்கெட்’ என்றால் இறந்துபோதல். அதையே செயப்பாட்டு வினையாக்கினால் நிஜமாகவே ஒரு வாளி உதைபடும். ‘மண்டையைப் போட்டார்’ என்கிறோம்; ‘மண்டை அவரால் போடப்பட்டது’ என்று யாரும் சொல்வதில்லை. ‘மண்டையைப் போட்டார்’ என்பதையும் இழவு வீட்டில் சொல்ல மாட்டோம். பட்டியல் உங்களுக்குச் சொல்லாமல் விடுவது இதைத்தான்: பொருளை மட்டும் தந்துவிட்டு, யார் வாயில், யார் காதில் என்பதை விட்டுவிடுகிறது.

எனவே மனப்பாடத்தை நிறுத்துங்கள். வாசிக்கும்போது ஒரு தொடர் எதிர்ப்பட்டால் அந்த வாக்கியத்தை முழுதாகக் குறித்து, யார் யாரிடம் சொன்னது என்றும் எழுதுங்கள். பிறகு பட்டியலில் அதைத் தேடி ஒரு கோடு போடுங்கள். ஓர் ஆண்டு கழித்தும் கோடு விழாத தொடர்களை மறந்துவிடலாம். கோடு விழுந்தவற்றிலும், வேறு வேறு ஆட்கள் சொல்லிப் பலமுறை கேட்டவற்றை மட்டும் உங்கள் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றவை காதில் விழும்போது புரிந்தால் போதும்.